மதினியின் எடை

ஒன்றின் முதுகில் இன்னொன்று ஏறி நிற்கிறது, கீழே மதினி, அவள் முதுகில் அவளைவிடச் சிறிய ஆண், கூரைக் கம்பத்தில் இடம் கிடந்தாலும் இப்படித்தான் நிற்பார்கள், நீச்சல் குளத்தில் கிடந்த விருந்தாளிக் கூட்டம் ஈரக்கையோடு செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஐயே என்று சிரிக்கும், அதுகளின் புத்தி போகிற இடம் அவ்வளவுதான், அமெரிக்கப் பாலைவனத்தில் உட்கார மரம் கிடைக்காமல் கூட்டுக் குடும்பமாக வேட்டையாடிப் பழகிய ஹாரிஸ் பருந்து இது, ஒருத்தர் முதுகில் ஒருத்தர் நின்று தூரம் பார்க்கும், முதுகு கொடுத்தவளுக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது என்று அதுகளுக்கு யார் போய்ச் சொல்வது, சொன்னாலும் அடுத்த கேள்வி இது கடிக்குமா என்பதாகத்தான் இருக்கும். துபாயில் அந்த ஐந்து நட்சத்திர ஓட்டலில் எங்கள் வேலை புறா விரட்டுவது, விருந்தாளி குடிக்கிற காப்பியில் புறா எச்சம் விழக்கூடாது, அதற்காக மூன்று பருந்துகள், நானும் சீனி இப்ராஹிமும் என்று இரண்டு ஆட்கள், எங்களுக்கு மேல் டைட்டஸ் சார். ராஜாளி வளர்க்கிற அரபிகள் எங்கள் பறவையைப் பார்த்தால் உதட்டைப் பிதுக்குவார்கள், கூலிக்குப் பறக்கிறது என்பார்கள், கூலிக்கு வந்தவர்களின் கையில் வேறென்ன உட்காரும்.

டைட்டஸ் சார் மார்த்தாண்டத்துக்காரர், அதற்கு முன்னால் கரப்பான் பூச்சிக்கு மருந்தடிக்கிற கம்பெனியில் இருந்தவர், கரப்பானிலிருந்து பருந்துக்கு ஒரே தாவு, பன்னிரண்டு பை வைத்த சட்டையும் தொப்பியில் மதினி உதிர்த்த இறகுமாகத் திரிவார், அந்தப் பைகளில் மிட்டாய்த் தாள் தவிர ஒன்றும் இருந்து நான் பார்த்ததில்லை, கையுறை போட்ட கையில் பருந்து வந்து இறங்கினால் கண்ணை மூடிக்கொள்வார். சீனி ஏர்வாடிக்காரன், வேலையில் எனக்கு மூத்தவன், சம்பளமும் கூடுதல், மதினி என்று பெயர் வைத்தது அவன்தான், வீட்டை அதட்டி ஆளுகிற அண்ணன் பெண்டாட்டி மாதிரி அவள் தின்ற பிறகுதான் ஆண்கள் இரண்டும் வாய் வைக்கும் என்பதால். பருந்து பாசத்தால் கைக்கு வருவதில்லை மாப்ள, பசிச்சு வருது, அம்புட்டுத்தான் என்பான், அதனால் பறக்க விடுமுன் தராசில் நிறுக்காமல் விடமாட்டான், மதினிக்குத் தொள்ளாயிரத்து இருபது கிராம், அதற்குக் கீழே போனால் சோர்ந்துவிடுவாள், ஆயிரத்தைத் தாண்டினால் வயிறு நிறைந்தவளுக்கு நாம் யாரோ, எங்கள் வித்தையெல்லாம் அந்த ஓர் எண்தான், நிறுத்ததும் அதைச் சுவரிலிருக்கிற வெள்ளைப் பலகையில் எழுதவேண்டும், அதைப் பார்க்காமல் யாரும் கூண்டைத் திறக்கக்கூடாது.

அன்றைக்குப் பெரிய விருந்தாளிகள் வருகிறார்கள், ஓட்டல் முதலாளிக்கு வேண்டியவர்கள், காலை எட்டு மணிக்கே டைட்டஸ் சார் மதினியைத் தூக்கிக்கொண்டு போய்த் தன்னைப் படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார், அவள் படபடவென்று அடித்துக்கொண்டாளாம், அடங்கி உட்காரட்டும் என்று ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கோழிக்குஞ்சாக நாலு குஞ்சு ஊட்டியிருக்கிறார், குழந்தைக்குப் பிஸ்கட் கொடுத்து ஊசி போடுகிற புத்தி. சீனி நிறுத்தான், ஆயிரத்து ஐம்பது, பலகையில் சிவப்பு மையால் எழுதிக் கீழே பறக்காது என்றும் எழுதினான். சார், இன்னைக்கி இவ வேணாம் சார், ஆம்பளைங்கள விடுவோம், தின்னுட்டு இருக்கா, போனா வரமாட்டா என்றான். லேய், நீயா எனக்குப் பாடம் எடுக்க, பெரிசைப் பாக்கத்தான் ஆளுவ வந்து நிக்காவ, விடுலே என்றார் டைட்டஸ் சார். சீனி என்னைப் பார்த்தான், நான் என் கையுறையைப் பார்த்தேன். மதினி போனாள், புறா எதையும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை, பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தின் கிரேன் உச்சியில் போய் உட்கார்ந்து இறகு கோத ஆரம்பித்தாள், விருந்தாளிகள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள், முதலாளியின் முகம் கறுத்துப்போனது.

மூன்று மணி நேரம், வெயிலில் சீனி விசிலடித்து விசிலடித்து உதடு வெடித்து நிற்கிறான், இப்போதும் நிற்கிறான், கண்ணை மூடினால் அந்தக் கிரேனுக்குக் கீழேதான் அவனை வைத்திருக்கிறேன், ஆண்கள் ரெண்டையும் விடுறேன் சார், கூட்டம் தின்னா அவ பொறுக்கமாட்டா என்கிறான், மூணும் போனா யாருலே பதில் சொல்ல, விடாண்டாம் என்கிறார் டைட்டஸ் சார், அவர் முதுகைத் திருப்பியதும் சீனி இரண்டையும் விட்டான், காலி மனையில் காடை ஒன்றை எறிந்தான், ஆண்கள் இரண்டும் இறங்கிக் கத்திக்கொண்டு பிய்த்தன, மதினி தலையைச் சாய்த்துப் பார்த்தாள், தன்னை விட்டுவிட்டுத் தின்கிறார்களே என்று பசியே இல்லாமல் இறங்கி வந்தாள், வந்து இரண்டையும் தள்ளிவிட்டுக் காடைமேல் சிறகை விரித்துக்கொண்டாள், சீனி மண்டியிட்டுக் கையுறையை நீட்டினான். இதெல்லாம் அவனே பிறகு சொன்னது, நான் பார்க்கவில்லை, அந்த நேரத்தில் நான் பருந்து அறையில் இருந்தேன், டைட்டஸ் சார் கூப்பிட்டிருந்தார்.

பலகையைக் காட்டினார். மக்களே, அதை அழிச்சிட்டுத் தொள்ளாயிரத்து இருபதுன்னு எழுது, ஆபீஸ் ஆளு வருவான் என்றார், மிரட்டவில்லை, வேலை போய்விடும் என்றுகூடச் சொல்லவில்லை, மிரட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும், அவன் இடம் காலியாகுமில்லியா என்று மட்டும் மெதுவாகச் சொன்னார், கரப்பானுக்கு எந்த மூலையில் மருந்து வைக்க வேண்டும் என்று தெரிந்த மனிதர். துணியை எடுத்தேன். கனவில் துடைக்கத் துடைக்கச் சிவப்பு மை போகவே மாட்டேன் என்கிறது, அன்றைக்கு ஒரே இழுப்பில் போய்விட்டது. எங்கள் கம்பெனியின் தலைமை அலுவலகத்து எகிப்துக்காரர் வந்தார், டைட்டஸ் சார் கதையைச் சொன்னார், சீனி யாருக்கும் தெரியாமல் பறவைக்குத் தீனி போட்டுவிட்டுப் பொய் எடையை எழுதிவைத்தான், சொல்பேச்சுக் கேளாமல் மற்ற இரண்டையும் விட்டான். எகிப்துக்காரர் என்னிடம் கேட்டார், இது காலையில் எழுதியதா. ஆமாம் சார். யார் எழுதியது. சீனி, சார். அவர் போன பிறகு டைட்டஸ் சார் என் தோளில் தட்டினார், அந்தக் கை பட்ட இடத்தைத் துடைத்துக்கொண்டேன், என் கையை ஏன் துடைத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பார்க்க எனக்கு வருஷங்கள் ஆயின, நான் அப்படி ஒரு பிறவி.

சீனியின் மனைவி அடுத்த மாதம் விசிட் விசாவில் வருவதாக இருந்தது, பிள்ளைக்கு இரண்டு வயது, அவன் இன்னும் நேரில் முகம் பார்க்காத பிள்ளை, வாடகைக்கு ஓர் அறை பார்த்து வைத்திருந்தான், எல்லாம் போயிற்று, மூன்றே நாளில் டிக்கெட். மத்தியான வெயிலில் கம்பெனி வேன் வந்து நிற்கிறது, அவன் புது மெத்தையை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காததை, என் கட்டிலில் தூக்கிப் போடுகிறான், அவ வந்தா போட வாங்குனேன், நீ படுத்துக்க மாப்ள, மதினிக்கு மொதல்ல குடு, பெறகு ஆம்பளைங்களுக்கு, மாத்திராத என்கிறான். சரி என்றேன். பலகைய எவனோ அழிச்சிட்டான், அந்தாளு வேலதான், விடு, ஆனா நீ இருந்தியே, என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான், டைட்டஸ் சாரே சொன்னாரு, ஆயிரத்தி அம்பதுதான் எழுதியிருந்துச்சு, நான் என் கண்ணால பாத்தேன்னு ஆபீஸ்காரன்கிட்ட ஒத்த ஆளா நின்னு சண்ட போட்டியாமே, அவன்தான் கேக்கலயாமே, எனக்காக யாரு மாப்ள இப்புடிப் பேசுவா. வேன்காரன் ஹாரன் அடித்தான். பேசுனியா மாப்ள என்றான், மறுபடியும் கேட்க ஆசைப்பட்டவன் போல. பேசினேன் என்றேன்.