மூன்றாம் கதவு

றீற்றா அன்ரியின் வலக்கையில் விரல்கள் தெரியாத அளவுக்குக் கட்டுப் போட்டிருந்தது. உள்ளே மூன்று விரல்கள்தான் மிச்சம். விபத்துப் படிவத்தை அவருக்குத் தமிழில் வாசித்துக்காட்ட லக்சிகாவைச் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் இரசாயனவியல் படித்துவிட்டு, கனடாவில், ஸ்காபரோவின் அந்த உணவுக் களஞ்சியத்தில் குளிரறை வெப்பநிலைகளைக் குறித்துவைப்பவள். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

லொறிகள் பின்பக்கமாக வந்து ஒட்டி நிற்கும் மூன்றாம் கதவு, போன வியாழன் அன்ரி பெட்டி இழுத்துக்கொண்டிருந்தபோது மேலிருந்து விழுந்தது. படிவத்தில் அப்படி இல்லை.

"தொழிலாளி கவனக்குறைவாக இருந்தார்," என்று லக்சிகா வாசித்தாள். "பிழையை ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டார்."

"நான் எப்ப மன்னிப்புக் கேட்டனான்?"

மேற்பார்வையாளன் பிரவீனன் கதிரையை இழுத்துப் போட்டான். இங்கேயே பிறந்தவன். "அன்ரி, நான் ஓடி வரேக்க ஸொறி ஸொறி எண்டு சொன்னீங்கள். எல்லாருக்கும் கேட்டது."

"பெட்டியளிலை ரத்தம் பட்டிட்டுது எண்டெல்லோ தம்பி ஸொறி சொன்னனான்."

லக்சிகாவுக்குக் காது சுட்டது. அன்ரி கையெழுத்து வைத்தால் குற்றம் அவருடையதாகிவிடும். கதவை ஒருவரும் திருத்தமாட்டார்கள்.

"அன்ரி, இடக்கையாலை ஒரு கீறு போட்டாலும் காணும்," என்று பிரவீனன் பேனாவைத் தள்ளினான். "ஜஸ்ட் ஒரு போர்ம்."

"கதவின்ரை ஸ்பிரிங் உடைஞ்சு மூண்டு கிழமை," என்றாள் லக்சிகா. அவளுடைய குரல் அவளுக்கே பழக்கமில்லாததாக இருந்தது. "ஒழுங்கா மூடுதில்லை, குளிர் வெளியாலை போகுது எண்டு ஒவ்வொரு நாளும் எழுதினனான். கீழை சைன் வைச்சது நீங்கள்."

"அது டெம்பரேச்சர் விசயம். உனக்கேன் உது?"

அன்ரி அவனைப் பார்க்கவில்லை. "பிள்ளை, நீ சொல்லு. வைக்கவோ?"

"வைக்காதேங்கோ."

அன்ரி இடக்கையை மேசைக்குக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

பிரவீனன் மனேஜருக்குப் போன் எடுக்கத் தொடங்கினான். லக்சிகா எழுந்து வெளியே போனாள். மூன்றாம் கதவில் அடுத்த லொறி ஒட்டி நின்றது. கூட வேலைசெய்யும் றொய்சன் பெட்டி அடுக்கும் வண்டியோடு லொறிக்குள்ளே போகத் தயாராக இருந்தான். அவள் குறுக்கே போய் நின்றாள். அவன் என்ன என்பதுபோலப் பார்த்துவிட்டு, இயந்திரத்தை நிறுத்தினான்.

பாதி உயர்ந்த கதவுக்கு யாரோ ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்திருந்தார்கள். புதுக்கட்டை. அதன் நடுவில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு, மேலிருந்து மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.