கால் நடுக்கமும் ஒரு ஜோடி டிஸ்கும்

வண்டியை விற்கப்போகும் செய்தி சங்கமித்ராவுக்கு அப்பா வாயால் வரவில்லை, புரோக்கர் வாயால் வந்தது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு படிக்கட்டில் பல் தேய்த்துக்கொண்டு நின்றவளிடம், "ஞாயித்துக்கெழம வந்து குவாலிஸ பாக்கலாமான்னு உங்க நைனாவ ஒரு வார்த்த கேட்டுச் சொல்லும்மா" என்றான் அந்த ஆள். அவள் நுரையைத் துப்பிய வேகத்தில் இரண்டு படி இறங்கிவிட்டான்.

உள்ளே அப்பா லட்சுமணன் வலது காலை நீட்டி வைத்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, வண்டிய விக்கப் போறியாம்? ஊருக்கே தெரிஞ்சிகீது, எனக்குத்தான் தெரில."

"கால் நடுங்குதும்மா. பிரேக்க மிதிச்சா போதும், ஸ்டியரிங் வரைக்கும் ஏறுது நடுக்கம். போன வாரம் காசிமேட்டுல முன்னாடி நின்ன மீன் வண்டியில போய் உரசிட்டேன். அது வண்டி, போச்சு. ஆளா இருந்தா?"

"கால் நடுங்குனா ஸ்டியரிங் எப்டி நைனா நடுங்கும்?"

"எல்லாம் ஒரே ஒடம்பு தானே" என்றார் அவர். தன் உடம்பைச் சொன்னாரா, வண்டியையும் சேர்த்துச் சொன்னாரா என்று அவளுக்கு விளங்கவில்லை. கோபம் மட்டும் வந்தது. அது அவளுக்கு எப்போதுமே முதலில் வரும்.

துறைமுகத்துக் கம்பெனி ஒன்றுக்கு பத்து வருஷம் ஓட்டிய இந்தக் குவாலிஸை, கம்பெனி கழித்துக்கட்டியபோது லட்சுமணனே வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து விடியுமுன்பு மீன் விற்கும் பெண்கள் எட்டுப் பேரைக் காசிமேட்டுக்குக் கூட்டிப்போவார். ஏலம் முடிந்ததும் மேலே கேரியரில் எட்டுக் கூடையோடு திரும்புவார். சங்கமித்ராவின் இன்ஜினியரிங் படிப்பு அந்தக் கேரியரில்தான் வந்தது, வாசத்தோடு. வகுப்பில் மூக்கைப் பொத்தியவர்களை இன்றும் அவள் பேர் சொல்லித் திட்டுவாள். அவர்கள் குடும்பத்தில் பட்டம் என்று ஒன்றை வாங்கிய முதல் ஆள் அவள். இப்போது திருவொற்றியூரில் வார்ப்பு இரும்புச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை.

காலைக் குறை சொல்லுமுன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். அன்று மதியம் லீவு போட்டாள். அப்பாவையும் வண்டியையும் தண்டையார்பேட்டைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே எபினேசர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்து முப்பது வருஷம். திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள். பேச்சு இன்னும் அங்கேயே இருந்தது.

"பிரேக் டிஸ்கா? அப்பாவ வரச்சொல்லு தங்கச்சி, அவருகிட்ட சொல்லுதேன்."

"அப்பா வண்டில உக்காந்துனுகீறாரு. இரும்பு பத்திப் பேசணும்னா எங்கிட்ட பேசுங்க. ஒன்ற வருஷத்துல ரெண்டு ஜோடி குடுத்துகீறீங்க. ரெண்டுமே உதறுது. டூப்ளிகேட்டா?"

"ஏ அம்மா! என்ன பேச்சு பேசுத நீ? இதுக்கு முந்தி நான் குடுத்த ஜோடி ஆறு வருஷம் ஓடலியா? கேட்டுப் பாரு!"

வண்டிக்குள்ளிருந்து லட்சுமணன் ஓடியதாகத் தலையாட்டினார். சங்கமித்ரா அதை மனதில் குறித்துக்கொண்டாள், ஆனால் விடவில்லை. போனை எடுத்துப் படம் காட்டினாள். சக்கரத்தோடு சுற்றும் அந்த இரும்புத் தட்டு முழுக்க வரிசை வரிசையாக ஓட்டை. பந்தய வண்டிகளுக்குப் போடுவது. சூடு சீக்கிரம் இறங்குமாம்.

"இது மாதிரி வேணும். இந்த தபா சாதா டிஸ்கு வேணாம்."

"இருக்கு, தாரேன். பாக்கவும் சோக்கா இருக்கும்" என்றார் எபினேசர், சண்டை வியாபாரமாகிற சந்தோஷத்தில்.

அதற்குள் கடை வாசலில் மெக்கானிக் வில்சன் முன் சக்கரத்தைக் கழற்றி, பழைய டிஸ்கை அவள் கையில் கொடுத்துவிட்டான். அவள் அதை வெயிலில் திருப்பினாள். அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தது. விளிம்பை நோக்கி முடி முடியாகக் கீறல்கள். பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்து ஆறு இடத்தில் தடிமனை அளந்தாள். ஆறு இடத்திலும் ஆறு கணக்கு.

"நைனா, இங்க வா. இந்தத் தட்டு ஒரு இடத்துல தடியா கீது, ஒரு இடத்துல ஒல்லியா கீது. பிரேக் கட்ட இத கவ்வும்போதுதான் உதறுது. அதுதான் உன் காலுக்கு வருது. நடுக்கம் உன்னுது இல்ல, இதோடது."

லட்சுமணன் தட்டைப் பார்த்தார், காலைப் பார்த்தார். "புதுசு போட்டதும் கொஞ்ச நாள் நல்லா இருக்கும்மா. அப்புறம் திரும்ப ஆரம்பிக்கும். அதான் கால்தான்னு நெனச்சேன்."

அவர் சொன்னதும் நியாயம்தான். தட்டு ஏன் இப்படி ஆகிறது? அந்த முடிக்கீறலை அவள் தொழிற்சாலையில் பார்த்திருக்கிறாள். சூடாக இருக்கும் வார்ப்பின்மேல் யாராவது அவசரப்பட்டுத் தண்ணீரைக் கொட்டினால் இதே கோலம்தான்.

"சூடா இருக்கும்போது வண்டி கழுவுறியா?"

"நானா? சாயங்காலம் தானே கழுவுறேன்."

புது டிஸ்கை அன்று அவள் வாங்கவில்லை. "ஒரு நாள் இந்தப் பழசே கெடக்கட்டும். நாளைக்கு நான் கூட வரேன், ஆமையாட்டம் ஓட்டு" என்றாள். எபினேசர் தலையிலடித்துக்கொண்டார்.

மறுநாள் டிரைவர் பக்கத்து சீட்டில் அவள். பின்னால் எட்டுப் பெண்கள், எட்டுப் பேச்சு. போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பும்போது ஐஸோடு மீன் கூடைகள் ஏறின. பேசின் பிரிட்ஜ் பக்கம் லாரிகளுக்கு நடுவே மிதித்து, விட்டு, மிதித்து வந்ததில் வியாசர்பாடி மார்க்கெட் சேரும்போது முன் சக்கரங்களில் கருகிய வாசம்.

கூடைகள் இறங்கின. பெண்களில் மூத்தவளான சொக்கம்மாள் ஐஸ் உருகிய தண்ணீரை ஒரு பக்கெட்டில் வடித்தாள். நேராக முன் சக்கரத்துக்கு வந்தாள்.

"த்தோ பாரு, எப்டி மூச்சு வாங்குது எங்கொழந்த! அம்மாஞ் செமைய செமந்துனு வந்துகீது, பாவம்."

ஊற்றினாள். சொய்ங் என்றது. ஆவி எழும்பியது. மற்ற ஏழு பேரும் "ஹா" என்று தாங்களே குளித்தது போலச் சிரித்தார்கள். சொக்கம்மாள் மறுபக்கம் போய் மிச்சத்தையும் ஊற்றி, பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். லட்சுமணன், தான் பெற்ற பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டிருந்தார்.

"யம்மோ! நிறுத்து!" சங்கமித்ரா கத்திய கத்தலில் மார்க்கெட்டே திரும்பியது. "எத்தினி நாளா இந்தக் கூத்து?"

"போன வருசத்துக்கு முந்தின கத்திரி வெயில்ல சக்கரத்துல பொக வந்துச்சு. அன்னிலேர்ந்து டெய்லி குளிர வெக்கிறேன். இன்னாடி இப்போ?"

"நீதான் அத கொன்னுகினு கீற!"

சொக்கம்மாள் முகம் சிவந்தது. "நாலு எழுத்து படிச்சுட்டா வாய் நீளுமா? யாரு கொழந்தைய யாருடி கொன்னது? உன் ஃபீசு கட்டுன வண்டிடி அது! அதுக்கு தண்ணி ஊத்த எனக்கு ரைட்டு இல்லியா?"

பக்கெட்டைப் பிடித்திருந்த சொக்கம்மாளின் கைகளைப் பார்த்தாள் சங்கமித்ரா. அந்தக் கைகள் ஐஸில் வெளுத்து, செதில் ஒட்டியிருந்தன. அவளுக்குத் திட்டத் தெரியும், கெஞ்சத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றைத் தேடினாள்.

"உன் வூட்ல வார்ப்பு தோசைக்கல்லு கீதா?"

"கீது. அதுக்கின்னா?"

"நல்லா காஞ்ச கல்லு மேல ஒரு பக்கெட்டு ஐஸ் தண்ணிய ஊத்துவியா?"

"தெளிப்போம். பக்கெட்டோட எவ ஊத்துவா? வாய் பொளந்துக்காது?" சொல்லிவிட்டுச் சொக்கம்மாள் சக்கரத்தைப் பார்த்தாள். காலிப் பக்கெட்டைப் பார்த்தாள். "அதுவும் இதுவும் ஒரே இரும்பா?"

"ஒரே இரும்புதான்மா. அது வளைஞ்சு உதறி, நைனா தன் கால்தான் போச்சுன்னு வண்டிய விக்க நிக்கிறாரு."

"விக்கிறியா!" எட்டுக் குரலும் லட்சுமணன் மேல் பாய்ந்தன. அன்று அவர் வாங்கிய ஏச்சை ஒரு புரோக்கரும் தாங்கமாட்டான்.

மறுபடி கடைக்குப் போனபோது எபினேசர் ஓட்டை டிஸ்கை எடுத்து மேசைமேல் வைத்திருந்தார். அவள் அதைத் தள்ளிவிட்டாள்.

"இது வேணாம். ஒவ்வொரு ஓட்டையும் கீறலுக்கு ஒரு வாசல். எங்க வண்டிக்கு சொமையும் மீன் தண்ணி உப்பும்தான். ஓட்ட இல்லாதது, நடுவுல காத்து போற மாதிரி ரெண்டு அடுக்கு, கார்பன் கூடின வார்ப்பு, மேல துரு புடிக்காத பூச்சு. அப்டி கீதா?"

எபினேசர் ஏணி போட்டு, மேல் அடுக்கிலிருந்து இரண்டு பெட்டிகளை இறக்கினார். "யாரும் கேக்க மாட்டாவன்னு மேல வச்சிருந்தேன். அளந்து பாத்துக்கிடுங்கம்மா." தங்கச்சி அம்மாவாகிவிட்டதை அவள் கவனித்தாள். அளந்தாள். ஆறு இடமும் ஒரே கணக்கு.

வில்சன் மாட்டினான். மெல்ல மெல்ல மிதித்துப் புதுத் தட்டைப் பழக்கிய பிறகு, பேசின் பிரிட்ஜ் இறக்கத்தில், பின்னால் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து, "இப்ப நல்லா மிதி" என்றாள். லட்சுமணன் கண்ணை இடுக்கிக்கொண்டு மிதித்தார். வண்டி மூக்கைத் தாழ்த்தி நேராக நின்றது. ஸ்டியரிங் அசையவில்லை.

அவர் வலது காலைத் தூக்கி, முட்டியைத் தட்டிப் பார்த்தார். "தைலம் வேஸ்டு" என்றார். குரல் மட்டும் கொஞ்சம் உதறியது. அதை அவள் அளக்கவில்லை.

ஞாயிறன்று புரோக்கர் வந்தான். படிக்கட்டில் அவள் பிரஷ்ஷோடு நிற்பதைப் பார்த்ததும் போய்விட்டான்.

திங்கட்கிழமை விடியலில், மனசு கேட்காமல் அவளும் வண்டியில் போனாள். மார்க்கெட்டில் கூடைகள் இறங்கின. சொக்கம்மாள் பக்கெட்டோடு முன் சக்கரத்தருகே வந்து நின்றாள். சங்கமித்ராவைப் பார்த்தாள். உதட்டைச் சுழித்துக்கொண்டு பின்பக்கம் நடந்து, பின் சக்கரத்தில் ஊற்றினாள்.

"முன்னாடி தானே கூடாதுன்ன? இதுவும் தானே ஓடி வந்துச்சு."

சங்கமித்ரா வாயைத் திறந்தாள். பின்னால் டிரம் பிரேக், மூடிய டப்பா. போகிற போக்கில் ஊற்றுகிற தண்ணீர் வெளியே வழிந்து ஓடிவிடும், கெடுதல் இல்லை. அங்கே சொய்ங் என்று சத்தம்கூட வரவில்லை.

"சத்தமே வரலியே" என்றாள் சொக்கம்மாள், ஏமாற்றத்தோடு.

"அதுக்கு அவ்ளோ சூடு இல்லம்மா. கூச்சப்படுது. ஊத்து, ஊத்து" என்றாள் சங்கமித்ரா.