பெட்டி மேல் எழுதிய வாட்

கணபதி பகுதியில் பம்ப்செட் கம்பெனி நடத்தும் வேலுமணிக்கு, ஸ்பீக்கர் கடையில் சிரிப்பை அடக்க முடியவில்லை. கையகலப் பெட்டியின் மேல் பத்தாயிரம் வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

“ஏனுங்க, பத்தாயிரம் வாட் இருந்தா பொள்ளாச்சித் தோப்பு ஒண்ணுக்குத் தண்ணி பாய்ச்சிப்போடலாமுங்க. இதைச் செஞ்சவனுக்கு மனசாட்சியே இல்லீங்களா?” என்று அவர் போட்ட சத்தத்தில் கடையே திரும்பிப் பார்த்தது.

கடைக்காரருக்கு அவரைத் தெரியும். “நம்ம ஊட்டுல உங்க மோட்டார்தானுங்க. நூறடி ஏறும்னு ஸ்டிக்கர்ல போட்டிருக்கீங்க. மொட்டை மாடித் தொட்டிக்கே ஏற மாட்டேங்குதுங்க,” என்றார் பணிவாக.

எத்தனை அடி ஏறும் என்று சோதித்துப் பார்க்காமலே, எடுப்பாக இருக்கட்டும் என்று நூறு போடச் சொன்னவர் வேலுமணிதான்.

“பில்லைப் போடுங்க,” என்றார். “பாட்டாவது மாடிக்கு ஏறுதான்னு பாக்கலாமுங்க.”