தம்பியின் முழங்கை

அறுத்துத் தைத்தால் கை இன்னும் வேகமாகும் என்று எந்த மகராசன் கிளப்பிவிட்டானோ, அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் பேஸ்பால் ஆடும் பிள்ளைகளைப் பெற்றவர்களில் பாதிப் பேர் அதை நம்பித் தொலைக்கிறார்கள். ராண்டலும் நம்பினார். அவருடைய மூத்த மகன் கோல்பிக்குப் பந்தெறிந்து எறிந்தே முழங்கை ஜவ்வு கிழிந்துபோனது. ஆபரேஷனுக்குப் பிறகு அவன் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. சட்டைப் பட்டன் போட அம்மா வேண்டியிருந்தது. வலி தாங்காமல் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

இப்போது கை தேறிவிட்டது. சனிக்கிழமை கல்லூரிக் கோச் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் கல்லூரி அணியில் இடம், படிப்பும் இலவசம். அதற்காகத்தான் அத்தனையும் பொறுத்தான்.

அதற்கு முந்தின நாள் சாப்பிடும்போது ராண்டல் சொன்னார்: "நாளைக்கு இவன் எறியற பந்து மணிக்குத் தொண்ணூறு மைலைத் தாண்டட்டும், திங்கக்கிழமையே டேனையும் அதே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்."

டேன் தம்பி. வயது பதினைந்து.

"அவன் கை நல்லாத்தானேப்பா இருக்கு?" என்றான் கோல்பி.

"கிழியற வரைக்கும் காத்திருக்கணுமா? இப்பவே பண்ணிட்டா ஸ்கூல் கடைசி வருஷத்துக்குத் தயாரா இருப்பான்."

"உனக்குப் பொறாமைண்ணா," என்றான் டேன். "உன்னைத் தாண்டிடுவேன்னு பயம்."

"அது நரகம்டா. உனக்குத் தெரியாது."

"நீ எப்பவுமே அழுமூஞ்சிதான்."

அப்பாவிடம் வாதாடுவது வீண். அவர் காதில் ஏறுவது பந்தின் வேகத்தை அளக்கும் ஸ்பீட் கன் காட்டும் எண் மட்டும்தான்.

சனிக்கிழமை பந்தெறியும் மேட்டில் ஏறிப் பந்தைப் பிடித்ததுமே கோல்பிக்குத் தெரிந்துவிட்டது. தொண்ணூறு என்ன, அதற்கு மேலும் கையில் இருந்தது. அடக்கிக்கொண்டு எறிந்தான். எழுபத்தொன்பது. அடுத்தது எண்பது. கோச் சூரியகாந்தி விதையை மென்று துப்பியபடி பொறுமையாகக் காத்திருந்தார்.

"வலிக்குதா தம்பி?"

"இல்ல சார். இவ்வளவுதான் வருது."

கோச் அவன் தோளைத் தட்டிவிட்டுக் கிளம்பிப் போனார். கோல்பி மேட்டிலிருந்து இறங்கினான். போனால் போகட்டும், தம்பி கை பிழைத்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

திரும்பும்போது வண்டியை அப்பா ஓட்டினார். திட்டுவார் என்று கோல்பி காத்திருந்தான். அவரோ தணிந்து சொன்னார்: "தப்பு என்மேலதான்டா. உனக்கு மட்டமான டாக்டரைப் பிடிச்சிட்டேன்." பிறகு பின்சீட்டைப் பார்த்து, "உனக்கு அப்படி ஆகாது டேன். டல்லாஸ்லயே பெரிய ஆளாப் பார்க்கறேன்" என்றார்.

"அப்பா, நான் வேணும்னுதான் மெதுவா எறிஞ்சேன்."

"போதும்டா. தோத்தவன் எல்லாம் இதைத்தான் சொல்லுவான்."

வண்டியை நிறுத்தச் சொல்லி ஒரே ஒரு பந்து எறிந்து காட்டலாம். காட்டினால், பார்த்தாயா ஆபரேஷன் பலித்துவிட்டது என்பார். கோல்பி வாயை மூடிக்கொண்டான். பின்னால் டேன், "எந்தக் கிழமைப்பா போறோம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.