கிளாரா நன்மை வாங்காத மாதங்கள்

உபதேசியார் வின்சென்டின் மனைவி எட்டு மாதமாக நன்மை வாங்கவில்லை. ஞாயிறு பூசையில் மொத்தக் கோயிலும் எழுந்துபோய் நன்மை என்கிற அந்த அப்பத்தை நாக்கில் வாங்கித் திரும்பும்போது, கிளாரா மட்டும் வலது கன்னத்தை முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பெரிய பாவம் செய்தவர்கள்தான் அப்படி உட்காருவார்கள் என்பது ஊர்க்கணக்கு. ஊருக்கே ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிற வின்சென்டுக்குப் பீடத்தருகே நிற்கவே கூசியது.

அவள் சொல்லாமல் இல்லை. வாயைத் திறந்தால் கன்னத்தில் கரண்ட் அடிக்கிறது என்றாள். தேனியில் இரண்டு பல்லைப் பிடுங்கியும் பார்த்தாயிற்று. அதற்குப் பிறகும் வலி என்றால் வின்சென்ட் நம்புவானா? திராட்சைத் தோட்டத்தில் அவள் சிரித்துப் பேசியதை அவன் பார்த்திருந்தானே! வலி நொடியில் வந்து நொடியில் போகும் என்று அவள் சொன்னது காதில் ஏறவில்லை. ஒருநாள், என்ன பாவம் செய்தாய் என்று கேட்டு அந்தக் கன்னத்திலேயே அறைந்தான். அவள் சுருண்டு விழுந்து கதறியதையும் நடிப்பென்றே எடுத்துக்கொண்டான்.

அதோடு விட்டானா? தெருக்காரர்கள் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்தில், தன் மனைவி மனந்திரும்ப மன்றாடுவோம் என்று வாய்கூசாமல் சொன்னான். இருபது பேர், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். கிளாராவும் அங்கேதான் இருந்தாள்.

தண்ணீர்கூட இறங்காமல் அவள் துவண்ட பிறகுதான், தன் தங்கை மெர்லினையும் துணைக்கு அழைத்துக்கொண்டு மதுரைக்குக் கூட்டிப்போனான். ஸ்கேனில் தெரிந்துவிட்டது. முகத்துக்கு வரும் நரம்பை மூளைக்கு அடியில் ஒரு வெள்ளைக் கட்டி நெருக்கிக்கொண்டிருந்தது. அபூர்வமானது, புற்று இல்லை, திங்கட்கிழமை எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். காற்று பட்டாலே உயிர் போகுமே, எப்படித் தாங்கினீர்கள் என்று கேட்டுவிட்டு, முகத்தில் எப்போதாவது அடிபட்டதா என்றார். இல்லை என்று கிளாரா தலையசைத்தாள்.

வின்சென்டால் உட்கார முடியவில்லை.

"நான் அடிச்சேன் டாக்டர்."

டாக்டர் ஸ்கேன் படத்தை அவன் பக்கம் திருப்பினார். கட்டி பிறவியிலேயே இருந்தது, அடியால் வந்ததில்லை என்றார். வின்சென்டுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததற்காகவே இன்னும் குன்றிப்போனான்.

வெளியே வந்ததும் கிளாரா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, உதடு பிரியாமல் பேசினாள். "ஊருல இருவது பேரு முன்னாடி என்னையப் பாவியாக்குனீக. இங்கன ஒரு டாக்டர்ட்டச் சொன்னா ஆச்சா?"

ஆபரேசன் முடியட்டும், ஊருக்குப் போனதும் சொல்கிறேன் என்றான்.

"நான் பொழைச்சு வந்தாத்தானா? நாளைக்குத்தான கூட்டம். மெர்லின் தொணைக்கு இருக்கா. போயிச் சொல்லிட்டு வாங்க. அந்தப் பேரோட நான் ஆபரேசனுக்குப் போகமாட்டேன்."

வின்சென்ட் மெர்லினை அவளருகே உட்காரவைத்துவிட்டு, ஊருக்குப் போகிற கம்பம் பஸ் எங்கே நிற்கும் என்று விசாரிக்கப் போனான்.