வெஸ்லியின் பணத்துக்கு யார் பொறுப்பு?

ரெய்னோ மாமா ஏரிக்கரை வீட்டை விற்ற கோடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைச் சாப்பிட அழைத்தார். மீன் சூப்பை ஊற்றிக்கொண்டே, "எனக்கப்புறம் எல்லாம் வெஸ்லிக்குத்தான். உயில்ல எழுதிட்டேன்" என்றார்.

என் தம்பி வெஸ்லி எழுந்து நின்று தனக்குத் தானே கைதட்டிக்கொண்டான். எனக்குச் சூப் புரையேறியது.

வெஸ்லிக்கு டவுன் சிண்ட்ரோம். முப்பது வயதைத் தாண்டியவன். அமெரிக்காவில், எங்கள் டுலூத் நகரில், தனி ஃபிளாட்டில் இருந்துகொண்டு, ஒரு பேக்கரியில் அட்டைப்பெட்டி மடிக்கிறான். அரசாங்கம் தரும் மாதப் பணமும், மருத்துவச் செலவும், தினம் வந்துபோகும் உதவியாளரும் இருப்பதால்தான் அந்த வாழ்க்கை ஓடுகிறது. அந்த உதவியெல்லாம் சொத்தில்லாதவர்களுக்குத்தான்; அவன் பெயரில் பெரிய பணம் வந்து விழுந்தால் நின்றுவிடும்.

நான் இதைச் சொன்னதும் மாமா கரண்டியைக் கீழே வைத்தார். "பணம் வந்தா கெடுதலா? எந்த ஊரு நியாயம் இது? சரி, உன் பேர்ல எழுதறேன். நீ பாத்துக்கோ."

"நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா? இல்ல, எனக்கும் ஸ்டீவுக்கும் விவாகரத்து ஆச்சுன்னா?"

"ஆவுமா?" என்று மாமா ஆவலாகக் கேட்டார். என் கணவரை அவருக்கு என்றைக்குமே பிடித்ததில்லை.

மறுவாரம் மூவரும் வக்கீல் ஓடெகார்ட் அம்மாவிடம் போனோம். இதற்கென்றே ஒரு டிரஸ்ட் இருக்கிறது என்றார் அவர். பணம் வெஸ்லிக்காக இருக்கும், ஆனால் அவன் கைக்கு வராது. பொறுப்பாளர் ஒருவர் அவனுக்கு வேண்டியதை வாங்கித் தருவார். அரசு உதவியும் தொடரும்.

"ஆக, அவன்கிட்ட பணம் இருக்கு, ஆனா இல்ல" என்றார் மாமா. "என் கல்யாண வாழ்க்கை மாதிரியே."

ஓடெகார்ட் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, வெஸ்லிக்கு என்னென்ன வேண்டியிருக்கும் என்று கேட்டார். மாமா குளிருக்குக் கம்பளிக் கோட்டு என்றார். நான் பல் வைத்தியம் என்றேன்.

"நான் இங்கதான் உக்காந்திருக்கேன்" என்றான் வெஸ்லி. "என்னைக் கேளுங்க."

ஓடெகார்ட் அம்மா நாற்காலியை அவன் பக்கம் திருப்பிக் கேட்டார்.

"எனக்குக் கடல் பாக்கணும். ரயில்ல போகணும். அப்புறம், கார்லா பொறுப்பாளரா இருக்கக் கூடாது."

கார்லா நான்தான். அம்மா இறந்த பிறகு அவனுடைய ஒவ்வொரு டாக்டரையும், ஒவ்வொரு ஜோடி செருப்பையும் பார்த்துக்கொண்டவள்.

"ஏன்டா?"

"நீ எல்லாத்துக்கும் 'வேணாம், வேணாம்'னுதான் சொல்லுவ. அப்புறம் நான் உன்மேல கோவமாவே இருப்பேன். எனக்கு அக்கா வேணும். பணம் குடுக்கறவங்க வேற யாராவது இருக்கட்டும்."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என் நாக்கு நுனியில் 'வேணாம்' என்ற சொல்தான் இருந்தது. சிரித்துவிட்டேன்; கொஞ்சம் அழுகையும் வந்தது. இதே வேலையைச் செய்யும் தொண்டு நிறுவனம் ஒன்று ஊரிலேயே இருப்பதாக ஓடெகார்ட் அம்மா சொன்னார். அவர்களையே பொறுப்பாளராகப் போட்டோம். பல வருஷங்களாக என் தலையில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கியது போலிருந்தது.

"நான் சாகற வரைக்கும் ஏன் காத்திருக்கணும்?" என்று மாமா ஒரு பங்கை அப்போதே டிரஸ்டில் போட்டார். தொண்டு நிறுவனத்தார் வெஸ்லிக்குக் கடலோரத்திலுள்ள சியாட்டிலுக்கு ரயில் டிக்கெட் எடுத்தார்கள்; துணைக்குப் போகிறவருக்கும் சேர்த்து. துணையாக யார் வர வேண்டும் என்று கேட்டதற்கு அவன் யோசிக்கவேயில்லை.

"மாமா. அவருதான் சும்மா இருக்காரு."

போய்ச் சேர்ந்த மறுநாள் போன் வந்தது. பின்னால் அலைச் சத்தம், காற்று.

"கார்லா, ஒரு பிரச்சனை" என்றான் வெஸ்லி. "மாமா பேண்ட்ட மடிச்சு விட்டுட்டு தண்ணிக்குள்ள எறங்கிட்டாரு. கூப்டா வர மாட்டேங்கறாரு. பாட்டு வேற பாடறாரு. எல்லாரும் பாக்கறாங்க."

"நீ என்ன பண்ணப் போற?"

"நானும் எறங்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தான்.