பெயர் சுமக்கும் வண்டு

டில்லிபாபு புழங்கிய பாய், தலையணை, போர்வை எல்லாவற்றையும் சுப்பராயன் மாமா மூட்டையாகக் கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவனோடு சுடுகாட்டுக்குப் போய்விட வேண்டிய சாமான்கள். உள்ளே மதிவதனி தம்பியின் அலமாரியைத் திறந்தபடி நின்றாள். நடுத்தட்டு காலி. பூச்சி உருண்டை வாசனை மட்டும் மிச்சமிருந்தது.

மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற கால்களை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"மாமா, அலமாரில ஒரு மரப்பெட்டி இருந்துதே?"

"மூட்டையிலதான் கீது. எப்பப் பார்த்தாலும் அவன் கையில வச்சிருந்த பொருளாச்சே."

"அத்த குடுங்க."

"இன்னாம்மா நீ? செத்த பூச்சிய வச்சிக்கினு இன்னா பண்ணப்போற? வேணும்னா வேற புடிச்சிக்க. சேரப்பணஞ்சேரில வண்டுக்கா பஞ்சம்?"

வேறு பிடிக்க முடியாது என்பதை எங்கிருந்து தொடங்குவது? கல்லூரியில் விலங்கியல் நடத்திய டில்லிபாபு, சிறுநீரகம் கெடுவதற்கு முந்தைய வருடம், அந்தமானில் ஒரு சின்னத் தீவில் மட்கிய மரத்துக்கு அடியில் எடுத்த தரைவண்டு அது. விரல்நகத்தைவிடச் சிறியது, கன்னங்கரேல். முதுகின் இரண்டு ஓடுகளும் நடுவில் ஒட்டிப்போய்த் திறக்கவே திறக்காது; உள்ளே இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துணுக்குதான். பறந்தால் கடலுக்கு அடித்துப் போய்விடும் என்று தலைமுறை தலைமுறையாக நடந்தே பிழைத்த ஜாதி என்பான். ஓடு ஒவ்வொன்றிலும் எட்டு வரிப்பள்ளம். பக்கத்துத் தீவு வண்டுக்கும் அதே எட்டு. ஆணின் வயிற்றுக்குள்ளிருந்து எள்ளைவிடச் சிறிய உறுப்பை எடுத்து லென்ஸ் வழியே திருப்பிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்: இதற்கு நுனி இடப்பக்கம் கொக்கிபோல் வளைந்திருக்கும். அந்த வளைவுதான் இது தனி இனம் என்பதற்கு ஆதாரம். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் அவன் அதை வரைந்தான். ஒரகடத்தில் கியர் பாகங்களை அளக்கும் வேலையில் இருக்கும் மதிவதனி அளந்து கொடுத்தாள். கிடைத்ததில் நான்கு பெண், ஒரே ஒரு ஆண். புது இனத்தை அறிவிக்கும் கட்டுரை அச்சுக்குப் போயிருந்தது. ஆண் வண்டு கொல்கத்தா அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டும்.

"மாமா, நீங்க கம்பெனி லைன்ல இருந்தப்ப, அளவு ஒத்துப் பாக்க மாஸ்டர் பீஸ்னு ஒண்ணு பூட்டி வச்சிருப்பாங்கல்ல?"

"ஆமா, கியூ.சி. ரூம்ல. தொட்டா சூப்பர்வைசர் தோல உரிச்சிடுவான்."

"இன்னாத்துக்கு?"

"அது போச்சுன்னா எது சரி, எது தப்புன்னு எத்த வச்சி சொல்றது?"

"அந்த ஜாதிக்கு இதான் மாஸ்டர். நாளைக்கு எவன் எந்த வண்டப் புடிச்சினு வந்தாலும் இதோட ஒத்துப் பாத்துதான் பேரு சொல்லணும்."

சுப்பராயன் மூட்டையைப் பார்த்தார்.

"முன்னாடியே மாஸ்டர்னு சொல்லக் கூடாதாம்மா?"

"கட்டுன மூட்டையப் பிரிக்காதய்யா," என்றாள் அவர் மனைவி மரகதம்.

"நீ சும்மா கெட." முடிச்சைப் பல்லால் இழுத்துத் தளர்த்தினார். "பூச்சிக்கு அவன் பேரா வச்சிருக்கான்?"

"தன் பேர தானே வச்சிக்கக் கூடாது மாமா. தீவு பேருதான்."

"பொழைக்கத் தெரியாத பய," என்றார். பெட்டியை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

வண்டி புறப்பட்டது. பெண்கள் தெருமுனை வரை போய்த் திரும்பி, வீடு கழுவத் தொடங்கினார்கள். மதிவதனி ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தாள். மூட்டையில் அமுங்கியதில் ஆண் வண்டின் முன்கால் ஒன்று ஒடிந்து தெர்மகோல் மேல் கிடந்தது. வண்டை ஒட்டிய அட்டையும், அதில் குத்திய ஊசியும், இதுதான் மூல மாதிரி என்று காட்டும் சிவப்புச் சீட்டும் சரியாக இருந்தன. அந்த உறுப்பை வைத்த குப்பியும் உடையவில்லை.

லென்ஸை வைத்துப் பார்த்தாள். அந்தக் காலின் உட்புறத்தில் ஒரு வெட்டு, அதில் சீப்புப் பல்போல வரிசையாக முடி. உணர்கொம்பை அதில் நுழைத்து இழுத்துத்தான் வண்டு அழுக்குத் துடைக்கும். ஒடிந்தது ஒடிந்ததாகவே போகட்டும் என்று விட முடியாது. அதே ஊசியில், அதே அட்டையில் இருக்கவேண்டும். அட்டையில் வண்டுக்குப் பக்கத்தில் ஒரு பொட்டுப் பசை வைத்தாள். ஈரத் தூரிகையின் நுனியில் காலை எடுத்தாள். எடையே இல்லை.

"காலத் தூக்குடி, தண்ணி வருது," என்றாள் அம்மா சரோஜா, துடைப்பத்தோடு.

பாதங்களை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு, வண்டின் காலைப் பசைமேல் இறக்கினாள். தண்ணீர் அடியில் ஓடி வாசலைத் தாண்டியது. பின்னால் யாரோ கேவினார்கள். மூச்சுவிட்டால் கால் பறந்துவிடும். பசை காயும்வரை மதிவதனி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.